வில்லுக்குப் போட்ட புகை

எனக்குக் கல்யாணமான முதல் வருடம், நான் சமைத்த அடுப்புக்கு மேலே ஒரு மரக்கட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கூரை முகட்டிலிருந்து பனைநார்க் கயிறு இரண்டை இறக்கி, அதில் அதைப் படுக்கப் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். நான் நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். காற்றடித்தால் அதிலிருந்து கரி உதிர்ந்து கூழில் விழும். புதுப்பெண் வந்திருக்கிறாளே, பானை சட்டி வைக்க இடம் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், அந்தக் கட்டைக்கு அனல் கூடிவிட்டதா, புகை குறைந்துவிட்டதா என்று பொழுதன்னைக்கும் எட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டு மதினி அதற்கு என் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஒன் சக்களத்தி என்ன செய்றா?" என்று, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த இடுப்பளவு மண்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

"மல்லாக்கப் படுத்துருக்கா மதினி. அவளுக்கென்ன, ஒக்காந்து திங்குறவ" என்பேன்.

மதினி எனக்கு உறவில்லை. எங்கள் வேதக்காரத் தெருவில் எல்லோரையும் ஏதாவது ஒரு முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், இரண்டு பிள்ளைக்காரி. அவள் வீட்டுக்காரர் ஊர் ஆடுகளை மேய்த்தார். அருப்புக்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, எருவாட்டியை, அதாவது சாணி வரட்டியை, தலைகீழாக அடுப்பில் வைத்த எனக்கு, அந்த ஊரில் முதலில் வாய்த்த துணை அவள்தான்.

ஊர், திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. மானாவாரி நிலம். என் வீட்டுக்காரர் வெள்ளாமைக் காவல்காரர். கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுப்பு முடியும்வரை பரண்மேல் நின்று கிளியையும் மைனாவையும் படைக்குருவியையும் விரட்ட வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்தது உண்டைவில். பார்க்க வில்தான், ஆனால் அம்பு கிடையாது. இரட்டை நாண், நடுவில் ஒரு தோல்துண்டு, அதில் காய்ந்த களிமண் உருண்டையை வைத்து இழுத்து விடுவது. மற்ற ஊர்க் காவல்காரர்கள் கவணில் கல் வைத்து எறிவார்கள். கல் கதிரை முறிக்கும், நிலத்தில் கிடந்து அடுத்த உழவில் கலப்பைக் கொழுவை மழுக்கும். மண் உருண்டை மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அதனால்தான் நிலம் வைத்திருந்த சம்சாரிகள் இவரைக் கூப்பிட்டார்கள். கூலி களத்திலேயே தானியமாக அளந்து கிடைக்கும். அதுதான் வருடம் முழுவதும் எங்கள் சாப்பாடு.

நான் வந்த தை மாதத்தில் அந்த வில் ஒடிந்தது. புதுப்பெண் வந்த நேரம் என்று தெருவில் முணுமுணுத்தார்கள். ஒடிந்தது உளுத்துப்போன மரம், பழி எனக்கு. வந்த கோபத்தில் அந்த ஒடிந்த வில்லை நானே அடுப்பில் வைத்து எரித்தேன். ஆனாலும் அடுத்த மார்கழிக்குள் புது வில் கைக்கு வராவிட்டால் காவல் வேறு ஊர்க்காரனுக்குப் போய்விடும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

புது வில்லுக்கு விடத்தலை மரம். முள் காட்டில் கோணல்மாணலாக வளர்கிற மரத்தில் நேராக ஓடுகிற கிளையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதை மாசி அமாவாசையன்று போய் வெட்டிவந்தார். அமாவாசையில் மரத்துக்குள் நீர் இறங்கியிருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அமாவாசை பாத்து மரம் வெட்டுறீராமே. ஞானஸ்நானம் வாங்குன ஆளுதானே நீரு?"

"நான் வாங்கிட்டேன் அய்யா. மரம் இன்னும் வாங்கல" என்றார் இவர்.

உபதேசியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெட்டிய கட்டையைப் பட்டையோடு கண்மாய்ச் சகதிக்குள் புதைத்து வைப்பார்கள். மரத்துக்குள் ஒரு இனிப்பு இருக்கும், அதைத் தேடித்தான் வண்டு வந்து துளைக்கும். சகதி அந்த இனிப்பை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வருடமாக இருந்தால் சித்திரை தாண்டியும் சகதி ஈரமாக இருக்கும். அந்த வருடம் பங்குனியிலேயே கண்மாய் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கட்டையைத் தோண்டி எடுத்துவந்து, வெட்டுமுனையை நாக்கால் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இனிப்பு இன்னும் போகல" என்றார்.

பட்டையைச் சீவி, நீளவாக்கில் பிளந்து, வைரம் பாய்ந்த உள்மரம் ஒரு பக்கமும் வெளிமரம் மறுபக்கமும் இருக்கிற மாதிரி ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். வைரம் மட்டும் என்றால் இழுக்கும்போது ஒடியும், வெளிமரம் மட்டும் என்றால் வளைந்தபடியே நின்றுவிடும். இரண்டு முனையிலும் சாணியும் சாம்பலும் பிசைந்து அப்பினார். அப்பாவிட்டால் முனை வழியாக ஈரம் ஓடிப்போய் மரம் வெடிக்கும். பிறகு கூரைக்கடியில் நிழலில் கிடந்து, வைகாசியில் என் அடுப்புக்கு மேலே வந்து சேர்ந்தது. சகதி விட்ட குறையைப் புகை தீர்க்க வேண்டும்.

அதற்கு எத்தனை சட்டங்கள். பருத்திமார் எரிக்கக் கூடாது, குபீரென்று பற்றும். எருவாட்டியும் உமியும் போட்டு நீறுபூத்தாற்போல் வைக்க வேண்டும். அனல் தொடக்கூடாது, புகை மட்டும் போய்த் தொட வேண்டும். ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் கட்டையைக் கொஞ்சம் உருட்டி வைப்பார். அதை அவர் தொடுகிற பக்குவத்தைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். பிறகு, எப்போது என்று தெரியவில்லை, எனக்கே அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

மத்தியான நேரத்தில் கூழ் காய்ச்சி இறக்கிவிட்டு, அடுப்பங்கரைத் தரையிலேயே படுத்துக்கொள்வேன். புகை நேராக ஏறாது. முதலில் கட்டையின் வயிற்றில் போய் முட்டும், இரண்டாகப் பிரியும், இரண்டு பக்கமும் தடவிக்கொண்டு போய் மேலே மறுபடியும் ஒன்றாகும். பிறகு ஓலைக்குள் நுழைந்து எங்கோ காணாமல் போகும். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் புகைக்குள் சாய்ந்து நிற்கும். அதில் கட்டை மெல்ல அசைவது போலிருக்கும். அசைவது அதுவா, புகையா, என் கண்ணா என்று யோசித்தபடியே தூங்கிப்போவேன். கனவில் கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கும், அதன்மேல் இந்தக் கட்டை படகு போலப் போகும், அதில் யாரும் இருக்க மாட்டார்கள். விழிக்கும்போது வாயில் புகையின் ருசி இருக்கும். அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் அந்த மத்தியானங்களைத்தான் சொல்ல வேண்டும்.

ஆடிக்குப் பிறகு தானியம் தீர்ந்தது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுவதும். போன வருடமே பாதி வெள்ளாமைதான். சண்டைக் காலம் வேறு, பர்மா அரிசி வருவது நின்றுபோய், டவுனில் இருக்கிறவர்களே வரிசையில் நின்றார்கள். நாங்கள் பனம்பழமும் புளியங்கொட்டையும் கீரையும் தின்றோம். ஒரு நாள் அடுப்பு எரியும், ஒரு நாள் எரியாது.

எங்கள் தெருவில் அதற்கு ஒரு முறை இருந்தது. காலையில் எல்லோரும் கூரைகளைப் பார்ப்பார்கள். கூரையில் புகை வந்தால் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. வராவிட்டால் இல்லை. புகை வருகிற வீட்டிலிருந்து, பக்கத்தில் புகை வராத வீட்டுக்கு ஒரு சட்டி கஞ்சி போகும். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. புகை இல்லாத வீட்டுக்காரி தன் சட்டியைக் கழுவி மண்சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், அவ்வளவுதான். எனக்கும் மதினிக்கும் நடுவே இருந்த சுவரில் சட்டி அப்படிப் பல தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிருக்கிறது. யார் கொடுத்தது கூட, யார் வாங்கியது கூட என்று நாங்கள் நினைத்ததேயில்லை.

புரட்டாசிக் கடைசியில், அடுப்பெரியாத ஒரு காலையில், கட்டைக்கு நேர்கீழே தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. விரலால் தொட்டேன். மாவு. நைசான, புதிதாக அரைத்த மாதிரி மாவு. வண்டு துளைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பிடி மாவில்லாத வீட்டில் மாவு உதிர்வதைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பயம் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது அருப்புக்கோட்டை ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். திங்கட்கிழமை விடியக் கிளம்பினால் சனிக்கிழமைதான் வருவார். வந்தவர் மாவைப் பார்த்ததும் கட்டையைக் காதோடு வைத்துக் கேட்டார்.

"வெளிமரத்துல மட்டுந்தான் இருக்கு. வைரத்துக்குப் போகல" என்றார். "இனிமே புகை நிக்கவே கூடாது புள்ள. மார்கழி பொறக்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு. ஒலை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

அப்படித்தான் உலையில்லாத அடுப்பை மூட்டினேன். காலையில் எருவாட்டியில் நெருப்பு வைத்து, மேலே உமி தூவிவிட்டால் பொழுது சாயும்வரை புகையும். வெறும் அடுப்பு, மேலே கட்டை. பானையைக் கழுவி மூலையில் வைத்தேன். பசி வயிற்றை இழுக்கும்போது, உலை கொதிக்கிற சத்தம் கேட்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கூரையில் புகை வந்தால் என்ன அர்த்தம் என்பதை நான் மறந்தே போனேன். மறுநாள் மதினி சட்டியைக் கழுவிச் சுவர்மேல் வைத்தாள். பார்த்த பிறகுதான் எனக்குச் சுரீர் என்றது. அவள் வீட்டில் புகையில்லை. என் வீட்டில் இருக்கிறது. மத்தியானம் வரை அந்தச் சட்டி வெயிலில் காய்ந்தது. நான் வெளியே போய்ச் சொல்லிவிட்டேன்.

"மதினி, எங்க வீட்டுப் பொகையப் பாத்து ஒண்ணும் நெனைக்காதீக. ஒலையில ஒண்ணுமில்ல. அந்தக் கட்டைக்குத்தான் பொகை போடுறேன்."

சட்டியைக் கையில் எடுத்தவள் என்னைப் பார்க்கவில்லை.

"சரித்தா. அப்படியே இருக்கட்டும்."

"நெசமா மதினி. வந்து பாருங்க."

"அடுத்தவுக பானைய எட்டிப் பாக்குற பழக்கம் எங்க வீட்ல ஆருக்கும் இல்லத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? பஞ்ச காலத்தில் அடுத்த வீட்டுப் பானைக்குள் பார்ப்பதைப் போலக் கேவலம் எங்கள் தெருவில் வேறில்லை. பார்க்காமல் அவள் நம்ப மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். சோறு இல்லாத வீட்டில் ஒருத்தி மரத்துக்காக அடுப்பு மூட்டுகிறாள் என்று சொன்னால் நானேகூட நம்பியிருக்க மாட்டேன். அன்றிலிருந்து சக்களத்தி என்ன செய்கிறாள் என்று சுவரோரம் வந்து கேட்க ஆளில்லை.

ஐப்பசி பிறந்து தூறல் விழுந்தது. விதைத்தார்கள். மதினியின் தம்பி ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு சாக்கில் கொஞ்சம் சோளம் போட்டுவிட்டுப் போனான். அவள் கூரையில் புகை வந்தது. எனக்குச் சட்டி வரவில்லை. வராதது நியாயந்தான். என் கூரையிலும் புகை வருகிறதே. அவளுடைய உலை கொதிக்கும் வாசனை சுவரைத் தாண்டி வந்து என் அடுப்பங்கரையில் நின்றது. நான் படுத்துக்கொண்டு கட்டையைப் பார்த்தேன். இந்த நெருப்பை அணைத்தால் போதும், நாளைக்கே சுவரில் சட்டி வந்துவிடும். அணைத்தால் மரம் உளுத்துப் போகும், காவல் போகும், வருகிற வருடம் முழுவதும் இப்படித்தான். கையில் தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருக்கிறேன். புகை பிரிந்து, தடவி, ஒன்றாகிப் போய்க்கொண்டே இருந்தது. பசியில் அது சில நேரம் ஒரு ஆள் மாதிரி குனிந்து என்னைப் பார்க்கும். எனக்குச் சாப்பாட்டைவிட மதினியின் பேச்சுத்தான் அதிகம் தேவைப்பட்டது. இது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. அழவும் செய்தேன்.

பிறகு ஒருநாள் விடாமல் மழை பெய்தது. மதினி வீட்டுக் கூரை ஒழுகி அடுப்பு அணைந்துவிட்டது. தீப்பெட்டி கிடைக்காத காலம், ஒரு வீட்டு நெருப்பிலிருந்துதான் இன்னொரு வீடு பற்றவைக்கும். அன்று அந்தப் பக்கத்தில் நெருப்பிருந்த வீடு என்னுடையது மட்டுந்தான். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சிரட்டையோடு அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நெருப்பு வேணும்" என்றாள், சுவரைப் பார்த்து.

"எடுத்துக்கிடுங்க மதினி."

நெருப்பு எடுக்க வருகிறவள் அடுப்பங்கரைக்குள் வந்துதான் ஆக வேண்டும், குனிந்துதான் ஆக வேண்டும். குனிந்தாள். அடுப்பில் பானையில்லை. எருவாட்டி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. மழையில் நனையாமல் இருக்க, நான் என் கூழ்ப்பானைக்குள் சுள்ளிகளை ஒடித்துப் போட்டு மூலையில் வைத்திருந்தேன். வாய்வரை சுள்ளி. அவள் கண் அதில் போய் நின்றதைப் பார்த்தேன்.

எழுந்து, கையை நீட்டிக் கட்டையைத் தொட்டாள்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு?"

"மார்கழி பொறக்குற வரைக்கும்னு சொன்னாக."

நெருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி திரும்பி வந்தாள். நேராக உள்ளே போய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்றீக மதினி?"

"இவ எங்க அடுப்புக்கு மேல கெடக்கட்டும். ஒலை கொதிக்கிற பொகையத் தின்னட்டும்."

"வண்டு மாவு ஒங்க கஞ்சியில உதிருமே."

"நீ மொதல்ல அடுப்ப அணை" என்றாள், கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "அணைஞ்சாத்தானேத்தா நான் குடுக்க முடியும்."

செம்புத் தண்ணீரை ஊற்றினேன். சீறிக்கொண்டு அடர்த்தியாக ஒரு புகை எழுந்து கூரையில் போய் முட்டியது. வெளியே வந்து, மழை விட்டிருந்த முற்றத்தில் நின்று என் கூரையைப் பார்த்தேன். ஓலைகளுக்கு இடையிலிருந்து அது நூல் நூலாகப் பிரிந்து, மெலிந்து, கடைசியில் எது புகை எது மேகம் என்று தெரியாமல் போயிற்று. இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. சட்டியைக் கழுவிச் சுவர்மேல் வைத்தேன். மத்தியானம் அதில் சோளக்கஞ்சி இருந்தது.

சனிக்கிழமை வந்தவர் வெறும் கயிற்றைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

"மரம் எங்க?"

"மதினி வீட்ல சாப்புடுது" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் வெளியே போனார். இருட்டுவதற்குள் கண்மாய்க்கரையெல்லாம் சுற்றி ஒரு கூடை காய்ந்த சாணி பொறுக்கி வந்து, மதினி வீட்டு வாசலில் வைத்தார். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவர் கட்டையை உருட்டிவைக்க அந்த வீட்டுக்குத்தான் போனார்.

மரம் பிழைத்தது. மார்கழியில் இறக்கி, வெளிமரத்தில் துளை விழுந்த பக்கத்தை மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்தார். மரல் நார் திரித்து நாண் ஏற்றினார். நிறம் பழைய வெல்லம் போல் ஆகியிருந்தது. முதல் உருண்டை போன சத்தத்தில் கண்மாய்க்கரைக் கொக்கெல்லாம் எழும்பியது. அந்த வருடம் கதிரும் பொய்க்கவில்லை, காவலும் எங்களுக்கே நின்றது.

அறுப்பு முடிந்து தானியம் வந்ததும், முதல் உலை இறக்கி ஒரு சட்டி நிறையச் சுவருக்குக் கொண்டுபோனேன். மதினி வாங்கவில்லை.

"எங்க கூரையப் பாரு. பொகை வருதுல்ல" என்றாள். "ரெண்டு வீட்லயும் ஒலை கொதிக்கும்போது சட்டி எதுக்குத்தா?"

முறைப்படி அவள் சொன்னது சரி. தன் சட்டியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். காலையில் இரண்டு கூரையிலும் புகை ஏறும், அவள் அங்கே குடிப்பாள், நான் இங்கே குடிப்பேன், சுவர் சும்மா கிடக்கும். வயிறு நிறைந்துதான் இருந்தது. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை நான் அடுப்பு மூட்டவில்லை.

"ஏ புள்ள, அடுப்பு எரியலயா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல."

"தானியம் இருக்குல்ல?"

"குதிர் நெறைய இருக்கு."

"பெறகு?"

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, சட்டியைக் கழுவிச் சுவர்மேல் வைத்து, பக்கத்திலேயே நின்றேன்.

மதினி சாணி தெளிக்க வெளியே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். தலையைத் தூக்கி என் கூரையைப் பார்த்தாள். உள்ளே போனவள் கஞ்சியும் ஒரு வெங்காயமும் கொண்டுவந்தாள்.

"ஒடம்புக்கு என்னத்தா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மதினி. அடுப்பு எரியல."

கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, என் சட்டியில் கஞ்சியை ஊற்றினாள். நான் அங்கேயே நின்று அதைக் குடித்தேன்.